‘அந்தப் பக்கம் காதுல விழுந்துச்சா?’ - போடி ஏலக்காய்க் கடையில் ஓர் அப்பாவும் மகளும்

போடியில் சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டால் ஏலக்காய் வாசம் தெருவுக்கு வந்துவிடும். போடிமெட்டுப் பக்கம் காலையில் தோட்ட வேலைக்கு ஏறிப்போன ஜீப்புகள் இறங்கிவரும் நேரம் அது. உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மேலே ஒன்றிரண்டு சாக்கு கட்டிக் கிடக்கும். அந்தச் சாக்குகளில் பாதி ஏதாவது ஒரு கடை வாசலில் இறங்கும்.

அப்படி ஒரு கடை. பெயர் இங்கே வேண்டாம். சிறு விவசாயிகளிடம் அன்றைய விலைக்குக் காய் வாங்கும் கடை. அங்கே கணக்கு எழுதுகிறவருக்கு வயது 58. தேனி தனி மாவட்டமாவதற்கு இரண்டு வருடம் முன்பு, 1994-இல் வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது இருந்த முதலாளி இப்போது இல்லை. அவருடைய மகன்தான் கல்லாவில் உட்காருகிறார். கணக்குப்பிள்ளை மட்டும் மாறவில்லை. தராசுக்குப் பக்கத்தில் அதே மர டெஸ்க், அதே நீல மை.

மாறியது டெஸ்க்கின் மேல் இருப்பது. ஒரு கம்ப்யூட்டர், திரையின் வலது கீழ் மூலையில் வரிசையாக மூன்று சின்னப் பச்சைக் கட்டங்கள். அந்த மூன்றும் அவருடைய மகள் எழுதியவை.

மகள் பி.சி.ஏ. படித்தவள். 2020 ஊரடங்கில் வீட்டில் இருந்தபோதுதான் அப்பாவின் வேலையை முதன்முறையாக உட்கார்ந்து பார்த்தாள். தராசில் விழும் எடையை அவர் துண்டுச் சீட்டில் எழுதுகிறார். அதே எண்ணைப் பில் போடும் மென்பொருளில் தட்டுகிறார். அதே எண்ணை மறுபடி விவசாயிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஒரே எண், மூன்று தடவை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி.

“விடுங்கப்பா, இத நான் பாத்துக்கிறேன்” என்றாள்.

அவள் கையில் எடுத்தது ஆட்டோஹாட்கீ. கிறிஸ் மாலெட் என்பவர் தொடங்கி, 2003-இல் வெளிவந்த இலவச மென்பொருள். நாம் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கையால் செய்வதை, அதாவது இந்த ஜன்னலைத் திற, அந்தப் பெட்டியில் எண்ணைத் தட்டு, என்டர் அழுத்து என்பதையெல்லாம் நாலு வரியில் எழுதி வைத்தால் அதுவே செய்துவிடும். அந்த நாலு வரிக்குப் பெயர் ஸ்கிரிப்ட். அலுவலகங்களில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து சலித்துப்போனவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மகள் மூன்று ஸ்கிரிப்ட் எழுதினாள். ஒன்று தராசிலிருந்து எடையை வாங்கும். இரண்டாவது பில் போடும். மூன்றாவது வாட்ஸ்அப் அனுப்பும். ஒன்றாகவே எழுதியிருக்கலாமே என்றால், அதற்கும் காரணம் வைத்திருந்தாள். மழைக்காலத்தில் போடியில் நெட் போய்ப் போய் வரும். வாட்ஸ்அப் சிக்கி நின்றால் அதோடு சேர்ந்து தராசும் நிற்கக் கூடாது. வாசலில் ஜீப் காத்திருக்கும்.

பிரித்து எழுதியாயிற்று. ஆனால் ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு எடையை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் தனி வீடு மாதிரி. ஒன்றுக்குள் இருக்கும் எண் இன்னொன்றுக்குத் தெரியாது. அவள் சுலபமான வழியைப் பிடித்தாள். கிளிப்போர்டு. நாம் காப்பி செய்தால் போய் உட்காருமே, அந்த இடம். முதல் ஸ்கிரிப்ட் எடையை அங்கே வைக்கும். இரண்டாவது அரை விநாடிக்கு ஒரு முறை எட்டிப்பார்த்து, கிலோ என்று ஒரு எண் இருந்தால் எடுத்துக்கொள்ளும்.

கிளிப்போர்டு என்பது ஊர்ப் பொதுத் திண்ணை. யார் வேண்டுமானாலும் வந்து எதையும் வைக்கலாம், வைத்ததை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நாலு வருடம் திண்ணையில் எந்தச் சண்டையும் இல்லை.

போன வருடம் ஒரு நாள், மலையில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார்.

“கணக்கப்பிள்ள, பேரன் படிச்சுச் சொன்னான். போன்ல 16 கிலோன்னு வந்துருக்காம். நான் சரியாத்தான் கொண்டாந்தேன்னு நெனைக்கிறேன். எதுக்கும் நீங்க ஒருக்க பாருங்க.”

சீட்டில் நீல மையில் 61.400 கிலோ. பில்லில் 16.400. வங்கிக்குப் போன பணமும் பில்லின்படிதான்.

45 கிலோ வித்தியாசம். அன்றைக்குக் கிலோ 2,500 ரூபாய். கணக்குப் போட்டால் 1,12,500 ரூபாய். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் என்பது தெரிந்தவர்களுக்கு, அந்த 45 கிலோவுக்குப் பின்னால் எத்தனை நாள் குனிந்து எடுத்த காய் இருக்கிறது என்பதும் தெரியும். 2019 ஆகஸ்டில் வண்டன்மேட்டுப் பக்கம் நடந்த ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனதே, அந்த விலையாக இருந்தால் மூன்று லட்சத்துக்கு மேல் போயிருக்கும்.

முதலாளி பில்லைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அண்ணே, கம்ப்யூட்டரு தப்பா போடாதுல்ல... நீங்க எழுதும்போது மாத்தி எழுதிட்டீகளோ? 16, 61...”

கேட்டதில் தப்பில்லை. 16-ம் 61-ம் யாரும் மாற்றி எழுதக்கூடிய எண்கள்தான். ஆனால் 31 வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அப்பா பதில் சொல்லவில்லை. “கிட்டங்கியத் தெறங்க தம்பி” என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு பத்து மணி வரை கிட்டங்கியில் இருந்த மொத்தக் காயையும் மூட்டை மூட்டையாக மறுபடி எடை போட்டார்கள். பேரேட்டில் உள்ளதைவிட இருப்பு 45 கிலோ கூடுதலாக இருந்தது. சீட்டுத்தான் சரி. முதலாளி அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார். “அண்ணனுக்குச் சீனி இல்லாம” என்று அவரே சொல்லி அனுப்பினார். பெரியவருக்கு மறுநாள் காலையிலேயே மீதிப் பணம் போய்விட்டது.

வீட்டில் மகள் தூங்கவில்லை. வாட்ஸ்அப்பில் நேரம் பார்த்தாள். பெரியவருக்கு முன்பு வந்த அம்மாவின் காய் 16.400 கிலோ. நெட் இழுத்ததால் அவருக்கான செய்தி தாமதமாக, பெரியவரின் மூட்டை தராசில் இருந்த அதே நிமிடத்தில் போயிருக்கிறது. தமிழில் செய்தி அனுப்ப மூன்றாவது ஸ்கிரிப்ட்டும் அதே கிளிப்போர்டைத்தான் பயன்படுத்தியது. ‘உங்கள் காய் 16.400 கிலோ’ என்பதை அது திண்ணையில் வைத்தது. பெரியவரின் 61.400 அடியில் போய்விட்டது. எட்டிப்பார்த்த இரண்டாவது ஸ்கிரிப்ட், கிலோ என்றிருந்த எண்ணை எடுத்துப் பில்லில் போட்டுவிட்டது. யாரும் தப்புச் செய்யவில்லை. மூன்றும் சொன்னபடிதான் செய்தன.

காலையில் அப்பாவிடம் சொன்னாள். அழுதுகொண்டேதான். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“மொத மிசினு எடைய வச்சுச்சுல்ல... அந்தப் பக்கம் அது காதுல விழுந்துச்சான்னு மொத மிசினுக்கு எப்புடித் தெரியும்?”

“தெரியாதுப்பா.”

“அப்ப அது சொன்னதாவே ஆகாதுல்ல பாப்பா?”

எலெக்ட்ரானிக் தராசு வருவதற்கு முன்பு கடையில் எடை போட்ட விதத்தை அன்றைக்குத்தான் விவரமாகச் சொன்னார். எடை போடுகிறவர் தராசடியில் நின்று “அறுபத்தொண்ணு நானூறு” என்று கூவுவார். கணக்குப்பிள்ளை உடனே எழுத மாட்டார். “அறுபத்தொண்ணு நானூறு” என்று அதே குரலில் திருப்பிச் சொல்வார். “ஆமா” என்று பதில் வந்தால்தான் பேனா தாளில் படும். எழுதி முடித்து “போடு” என்றால்தான் மூட்டை தராசை விட்டு இறங்கும். வாசலில் லாரி ஹாரன், உள்ளே பத்துப் பேர் சத்தம், அதற்கு நடுவே மூன்று சொல். அதில் ஒன்று குறைந்தாலும் மூட்டை நகராது.

இது ஏலக்காய்க் கடையின் கண்டுபிடிப்பு ஒன்றும் கிடையாது. ரயில்வேயில் ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு ரயிலை விடுவதற்கு முன்பு, இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் பேசி ரகசிய எண் ஒன்றைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் உண்டு. ‘சரி’ என்று சொன்னால் போதாது, அந்த எண்ணைச் சொல்லி, எழுதி வைக்க வேண்டும். போடிக்கு 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயில் நின்றுபோய், 2023 ஜூனில்தான் அகல ரயில் வந்தது. நடுவில் பன்னிரண்டு வருடம் போடிப் பிள்ளைகளுக்கு ரயிலே கிடையாது. மகளுக்கு இந்த வழக்கம் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை திண்ணையை விட்டுவிட்டு, ஆளிடம் நேராகப் போய்ச் சொல்லும் வழியைத் தேடினாள். அது விண்டோஸுக்குள்ளேயே இருந்தது.

விண்டோஸில் நடப்பதெல்லாம் பெரும்பாலும் செய்திப் பரிமாற்றம்தான். மவுஸைத் தட்டினால் அந்த ஜன்னலுக்கு ஒரு செய்தி போகும். ஜன்னலை மூடினாலும் ஒரு செய்தி போகும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதில் 74-ஆம் எண், ‘டபிள்யூ.எம். காப்பிடேட்டா’, கொஞ்சம் வித்தியாசமானது. அது ஒரு புரோகிராமிலிருந்து அதே கம்ப்யூட்டரில் ஓடும் இன்னொரு புரோகிராமுக்கு எழுத்துகளைச் சுமந்துகொண்டு போகும். பெயர், எடை, விலை எல்லாம் ஒரே கட்டாக.

செய்தி அனுப்ப இரண்டு முறை இருக்கிறது. ‘போஸ்ட்’ செய்யலாம், அல்லது ‘சென்ட்’ செய்யலாம். போஸ்ட் என்பது தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவது. சென்ட் என்பது ஒப்புகை அட்டையோடு அனுப்பும் பதிவுத்தபால். எதிராளி வாங்கிக் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வரும் வரை அனுப்பியவர் அங்கேயே நிற்பார். (அந்தப் பதிவுத்தபாலையே 2025-இல் விரைவுத்தபாலோடு இணைத்துவிட்டார்கள்.) 74-ஆம் எண் செய்தியை சென்ட் முறையில் மட்டும்தான் அனுப்ப முடியும். வாங்கிய ஸ்கிரிப்ட் ‘1’ என்று திருப்பித் தந்தால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஐந்து விநாடி வரை பதிலே இல்லையென்றால் ஆட்டோஹாட்கீ காத்திருப்பதை நிறுத்திவிட்டு, போகவில்லை என்று சொல்லிவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. அவளுக்கு மூன்று வாரம் ஆனது.

முதல் சிக்கல், ஆளே கண்ணில் படவில்லை. செய்தி ஜன்னலுக்குத்தான் போகும். ஆனால் ஸ்கிரிப்ட்டின் முக்கிய ஜன்னல் திரையில் தெரியாமல் மறைந்திருக்கும். மறைந்திருப்பதையும் தேடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகும் ஒரு நாள் செய்தி போகவில்லை. காரணம், கடைப் பையன் ஃபோல்டரின் பெயரைத் ‘தராசு புதுசு’ என்று மாற்றி வைத்திருந்தான். அந்த ஜன்னலின் தலைப்பே ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரின் முழு முகவரிதான். வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்ட கதை.

இரண்டாவது சிக்கலைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பில் போடும் மென்பொருள் பழையது. அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடுதான் திறக்கும். அதில் எண் தட்ட வேண்டுமென்றால் இரண்டாவது ஸ்கிரிப்ட்டுக்கும் அதே அதிகாரம் வேண்டும். ஆனால் விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. சாதாரணமாக ஓடும் புரோகிராம், அதிகாரத்தோடு ஓடும் புரோகிராமுக்கு இப்படிச் செய்தி அனுப்ப முடியாது. மேலிருந்து கீழே அனுப்பலாம்.

“தாலுகா ஆபீஸு மாதிரின்னு சொல்லு” என்றார் அப்பா.

பாதுகாப்புக்காகப் போட்ட சட்டம் அது. ஏதோ ஒரு திருட்டுப் புரோகிராம் வந்து அதிகாரம் உள்ள புரோகிராமுக்குக் கட்டளை போடக் கூடாதே. இங்கே வேறு வழியில்லாமல் முதல் ஸ்கிரிப்ட்டையும் அதே அதிகாரத்தில் ஓடவிட்டாள்.

மூன்றாவதுதான் விஷயமே. செய்தி ஒழுங்காகப் போய், ‘1’ என்று பதிலும் வர ஆரம்பித்த பிறகு, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள். அவர் பாராட்டவில்லை. கேள்வி கேட்டார்.

“ஒண்ணுன்னு சொல்லுதே, அது கேட்டேங்குதா, எழுதிட்டேங்குதா?”

அவள் யோசித்தாள். கேட்டேன் என்பதுதான். சோதித்துப் பார்க்கும்போது, செய்தி வந்ததும் ‘வந்துவிட்டது’ என்று ஒரு பெட்டி காட்டும்படி இரண்டாவது ஸ்கிரிப்ட்டில் வைத்திருந்தாள். அந்தப் பெட்டியில் யாராவது ஓகே தட்டும் வரை பதில் போகாது. அதற்குள் ஐந்து விநாடி முடிந்து, முதல் ஸ்கிரிப்ட் ‘போகவில்லை’ என்று அலறிவிட்டது. அதனால், வந்ததும் வாங்கி வைத்துக்கொண்டு உடனே ‘1’ சொல்லிவிட்டு, பில் போடும் வேலையை அதன் பிறகு செய்யும்படி மாற்றியிருந்தாள். முறைப்படி அது சரிதான். ஆனால் ‘1’ சொன்ன பிறகு பில் மென்பொருள் நின்றுபோனால்? கேட்டது உண்மை, எழுதியது பொய்.

“அப்ப ‘ஆமா’ வேற, ‘போடு’ வேற பாப்பா.”

அன்றிரவு இரண்டாவது பதில் ஒன்றைச் சேர்த்தாள். பில் சேமிக்கப்பட்ட பிறகு, சேமித்த எண்ணையே பில்லிலிருந்து திரும்ப எடுத்து, இரண்டாவது ஸ்கிரிப்ட் முதல் ஸ்கிரிப்ட்டுக்கு அனுப்பும். அனுப்பியதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் திரையில் எண் பச்சையாகும். இல்லையென்றால் சிவப்பு. பச்சையாகாமல் அடுத்த எடையை முதல் ஸ்கிரிப்ட் வாங்காது.

அடுத்த நாள் அடுத்த கேள்வி.

“நான் கூவுறேன். அவன் எழுதிட்டான். ஆனா அவன் ‘ஆமா’ன்னது எனக்குக் கேக்கல. நான் மறுபடி கூவுவேன்ல? அப்ப ரெண்டு மூட்டைன்னு எழுதிருமா?”

எழுதிவிடும். அவள் சோதித்துப் பார்த்தாள். எழுதிவிட்டது. ஐந்து விநாடிக்குள் பதில் வராமல் மறுபடி அனுப்பியதில் 30 கிலோ மூட்டை ஒன்றுக்கு இரண்டு பில். கம்ப்யூட்டர் படித்தவர்கள் பெரிய பெரிய வங்கிகளில் மண்டையை உடைத்துக்கொள்ளும் விவகாரம் இது. பணம் அனுப்பும்போது ‘ப்ராசஸிங்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும்போது இன்னொரு முறை அழுத்தலாமா வேண்டாமா என்று நாமும் தவித்திருப்போம்.

அதற்கான மருந்தும் டெஸ்க்கிலேயே இருந்தது. துண்டுச் சீட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு தாளிலும் அச்சடித்த வரிசை எண். அந்த எண்ணைச் செய்தியோடு சேர்த்து அனுப்பினாள். ஏற்கெனவே வந்த சீட்டு எண் மறுபடி வந்தால் இரண்டாவது ஸ்கிரிப்ட் பில் போடாது, ‘போட்டாச்சு’ என்று மட்டும் பதில் சொல்லும்.

ஊரே மாறிவிட்டது, கணக்கு மட்டும் இன்னும் சீட்டிலா என்று கேட்கலாம். ஒரு காலத்தில் கூவி விட்ட ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஸ்பைசஸ் போர்டு எனும் நறுமணப் பொருட்கள் வாரியம் நடத்தும் மின் ஏல மையங்கள் போடியிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் இருக்கின்றன. 2021-இல் இரண்டையும் இணைத்து ஒரே நேரத்தில் ஏலம் கேட்கும் வசதியும் வந்தது. இங்கே ஒருவர் பொத்தானை அழுத்தினால் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு விலை தெரிகிறது. அவ்வளவு பெரிய ஏற்பாட்டிலும் ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு லாட் எண் இருக்கிறது. எண் இல்லாமல் எதுவும் நகராது.

மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள், வாட்ஸ்அப் ஸ்கிரிப்ட்டையும் திண்ணையிலிருந்து விலக்கினாள். அது பாவம், தமிழில் ஒட்டுவதற்குக் கிளிப்போர்டு இல்லாமல் முடியாது. அதனால் அது மட்டும் அங்கே உட்காரட்டும், மற்ற இரண்டும் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று ஏற்பாடு. பில் பச்சையான பிறகுதான் அதற்குச் செய்தி போகும்.

கூடவே ஒரு தாள் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மூன்று பச்சைக் கட்டமும் இருக்கிறதா பார். ஃபோல்டர் பெயரை மாற்றாதே. சிவப்பு வந்தால் சீட்டைப் பார்த்துக் கையால் போடு. இது கடைப் பையனுக்கு. கடைசியில் அப்பாவுக்காக ஒரு வரி: ‘போன் பண்ணுங்க, எந்நேரமானாலும்.’

அப்பா இன்னும் சீட்டு எழுதுகிறார். முதலாளி நிறுத்தச் சொல்லவில்லை. புதுப் புத்தகம் தீர்ந்தபோது பத்துப் புத்தகம் சேர்த்து அச்சடிக்கச் சொன்னார்.

தை மாதம் ஒரு சாயங்காலம் அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். இரண்டு சாக்கு. தராசில் 38.200 என்று விழுந்தது. “முப்பத்தெட்டு எரநூறு” என்றார் அப்பா, வழக்கம்போல், யாரும் கூவாமலேயே. பெரியவர் தராசைப் பார்க்கவில்லை. டெஸ்க்குக்கு இந்தப் பக்கம் வந்து, கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாப்பா எங்க?”

“கோயமுத்தூர்ல இருக்கு.”

“சரி. மிசினு திருப்பிச் சொல்லிருச்சா?”

“இருங்க” என்றார் அப்பா. எண் பச்சையானது. சாக்கை இறக்கச் சொன்னார்.